இன்ஷா அல்லாஹ் என்றால் 'சிலவேளை' இல்லை



போன கிழமை தரம் 8 பிள்ளைகள், விடைத்தாள் எப்ப தருவீங்க என்று கேட்டார்கள். "நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்" என்றோம். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "அப்ப நாளைக்கு இல்ல, சேர்" என்றான். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. இந்த வார்த்தைக்கு 'இல்லை' என்று அர்த்தம் சொல்லிக்கொடுத்தது யார்? நாம்தானே.

ஒரே மூச்சில் நாம் சொல்வது அரபியில் மூன்று சொற்கள். 'இன்' என்றால் ஆல், 'ஷாஅ' என்றால் நாடினான், பிறகு அல்லாஹ். ஜும்ஆ நாளில் கஹ்ஃப் சூரா ஓதுகிறவர்கள் அதன் 23, 24ஆம் வசனங்களைக் கடந்துதான் போகிறோம். அல்லாஹ் நாடினால் என்று சேர்க்காமல், நாளைக்கு இதைச் செய்வேன் என்று சொல்லிவிட வேண்டாம் என்பதே அங்கே வரும் கட்டளை. இதற்குத் தப்ஸீர்களில் ஒரு சம்பவம் சொல்வார்கள். குகைவாசிகளைப் பற்றிக் குறைஷிகள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் நாளை சொல்கிறேன் என்றார்கள். இந்த வார்த்தையைச் சேர்க்கவில்லை. வஹீ 15 நாள் தாமதித்தது. பதில் சொல்லும் எண்ணத்தில் அங்கே குறை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாளை யாருடைய கையில் என்பதுதான் அங்கே பாடம்.

சந்தேகத்துக்குத் தமிழில் வேறு சொற்கள் தாராளமாக இருக்கின்றன. நாம் 'சிலவேளை' என்போம், தமிழ்நாட்டில் 'ஒருவேளை' என்பார்கள். பழந்தமிழில் 'கொல்' இருந்தது. அது ஐயத்தைக் காட்டும் இடைச்சொல் என்கிறது தொல்காப்பியம். காமத்துப்பாலின் முதல் குறளில் மட்டும் அது மூன்று தரம் வருகிறது. 'சிலவேளை மழை வரும்' என்றால் எனக்குத் தெரியாது என்று அர்த்தம். 'வருவேன், இன்ஷா அல்லாஹ்' என்றால் என் பக்கத்தில் முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாக்கியது நம் சோம்பல்.

இந்த வார்த்தை எங்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா? போர்த்துக்கேய மொழியில் 'ஒஷாலா' என்று ஒரு சொல் உண்டு. 'அப்படி நடக்க வேணும்' என்ற ஆசையைச் சொல்வது. ஸ்பானியர் அதையே 'ஓஹலா' என்பார்கள். முஸ்லிம்கள் ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் ஆண்ட காலத்தில், 'அல்லாஹ் நாடினால்' என்ற அரபுப் பேச்சிலிருந்து அவர்கள் நாவில் ஒட்டிக்கொண்டது அது. 1620களில் நம் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்கள் அந்தப் போர்த்துக்கேயர்தான். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியவர்களும் அவர்களே. அப்படி விரட்டப்பட்டவர்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியேற்றினான் என்பது வரலாறு. நம்மைத் துரத்தியவனின் வாயிலும் நம் வார்த்தை!

கடல் ஓரத்தில் வாழ்பவனுக்கு இந்த வார்த்தையை விளக்கத் தேவையில்லை. மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில் திருகோணமலை போன காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிண்ணியாவுக்குப் பாதையில் ஏறித்தான் போக வேணும். மார்கழி வாடை எழும்பினால் குடா கொந்தளிக்கும். "நாளைக்கு லோஞ்ச் ஓடுமா காக்கா?" என்று கேட்டால், "இன்ஷா அல்லாஹ்" என்பார் ஓட்டுகிறவர். சொன்னவர் சுபஹு தொழுதுவிட்டு ஜெட்டியில் நிற்பார், எண்ணெய் ஊற்றி, கயிறு பார்த்து. கடல் விடாவிட்டால் மட்டும்தான் லோஞ்ச் ஓடாது.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. பயணத்தை மறிக்கும் பலம் வாடைக்குக் குறைந்தது. வார்த்தை மட்டும் குறையவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டது. கடன் கேட்டவனைத் திருப்பி அனுப்ப, பெருநாளுக்குத் தைத்து முடியாத உடுப்புக்குச் சாட்டுச் சொல்ல, கூட்டத்துக்குப் போகாமல் இருக்க. ஆனால் நிகாஹ் அழைப்பிதழில் திகதிக்கு முன்னால் இன்ஷா அல்லாஹ் என்று அச்சடிக்கிறோமே, அங்கே யாராவது சும்மா இருக்கிறோமா? மண்டபத்துக்கு முற்பணம், சஹனுக்கு ஆள் கணக்கு, எல்லாம் முடித்துவிட்டுத்தான் அச்சடிக்கிறோம்.

2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில் மௌத்தானார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அது கத்ர் என்று ஏற்றுக்கொள்கிறோம், அது நம் ஈமான். ஆனால் ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, பாலம் எப்போது முடியும் என்பவை மனிதன் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். அவற்றுக்கு 'இன்ஷா அல்லாஹ்' என்று மட்டும் சொல்லி எழும்பிப் போக முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது.

விடைத்தாள்களை மறுநாளே கொண்டுபோனோம். இரவு ஒரு மணி வரை திருத்த வேண்டி வந்தது. பின் வாங்குப் பிள்ளையின் தாளை முதலில் கொடுத்து, "பிழை திருத்தி நாளைக்குக் கொண்டு வருவீங்களா?" என்று கேட்டோம்.

"இன்ஷா அல்லாஹ், சேர்" என்றான்.

இன்னும் கொண்டு வரவில்லை.