ஒரே வண்டியில் நால்வர்

நாள்தோறும் பணிக்குச் செல்வோர், எவ்வழியில் செல்வது என்பதைத் தாமே முடிவு செய்வதாக எண்ணுவர். ஆயினும் சிங்கப்பூரின் போக்குவரத்து வரலாற்றை நோக்குமிடத்து, அம்முடிவைப் பெரிதும் வகுப்பவை பேருந்தின் ஒழுங்கும் சாலையின் கட்டணமுமே என்பது புலனாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இத்தீவில் பல தனியார் பேருந்து நிறுவனங்கள் இயங்கின. நெரிசலும் தாமதமும் மிகுந்திருந்தன. 1955ஆம் ஆண்டில் ஹாக் லீ பேருந்துத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் கலவரமாகவே மூண்டது. பேருந்து வாராத வேளைகளில் உழைப்பாளர்க்குக் கைகொடுத்தவை உரிமமற்ற ‘கள்ள டாக்சிகள்’. ஒரே திசையில் செல்லும் முன்பின் அறியாதவர்கள் ஒரு வண்டியில் நெருங்கி அமர்ந்து, ஆளுக்குச் சில காசுகள் கொடுத்தனர். சட்டத்தின் கண்ணில் அது குற்றம்; வேலைக்கு நேரத்தோடு சென்று சேர வேண்டியவர்க்கோ அதுவே வழி.

1970ஆம் ஆண்டில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ‘கம்ஃபர்ட்’ கூட்டுறவை நிறுவி, அவ்வோட்டுநர்கள் உரிமம் பெற்றுத் தொழில் செய்ய வழிவகுத்தது. 1973ஆம் ஆண்டில் பேருந்து நிறுவனங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. கள்ள டாக்சிகள் மறைந்தன.

எனினும் சேர்ந்து செல்லும் வழக்கம் வேறு வடிவில் மீண்டது. 1975 ஜூன் மாதம் வட்டார உரிமத் திட்டம் நடப்புக்கு வந்தது. காலை நெரிசல் வேளையில் நகர மையத்துள் நுழையும் கார், நாளொன்றுக்கு 3 வெள்ளி செலுத்த வேண்டியிருந்தது. நால்வரோ அதற்கு மேற்பட்டவரோ அமர்ந்திருப்பின் கட்டணம் இருக்கவில்லை. பேருந்து நிறுத்தங்களில் காத்திருந்தோரைக் காரோட்டிகள் வலிய அழைத்து ஏற்றிக்கொண்டனர். முன்னர்ப் பயணி வண்டியைத் தேடினார். இப்போது வண்டி பயணியைத் தேடிற்று! 1989 ஜூன் மாதத்தில் அச்சலுகை நீக்கப்பட்டது. காரோட்டி நின்று அழைப்பதற்குரிய காரணமும் அதனோடு நீங்கிற்று.

2013ஆம் ஆண்டில் ஊபர், கிராப் ஆகிய கைப்பேசிவழிச் சேவைகள் வந்தன. பின்னர், அறிமுகமற்றோரை ஒரே வண்டியில் சேர்க்கும் பயணங்களையும் அவை வழங்கின. கருவி புதிது, தேவை பழையது.

பகிர்ந்து செல்லுதல் நற்பண்பே. ஆயினும் அது அறிவுரையால் மட்டும் வேரூன்றவில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. சலுகையால் கிடைத்த இருக்கை, சலுகையோடு போயிற்று. கார் இல்லாத உழைப்பாளிக்கு என்றும் துணைநிற்பது, நேரம் தவறாத பொதுப் போக்குவரத்தே. நெரிசலைக் குறைக்கத் திட்டமிடுவோர், நிறுத்தத்தில் காத்து நிற்பவரையும் முதற்கண் நினைத்தல் வேண்டும்.