மூளையின் கன்னாபினாய்டு அமைப்பு: முதுமை, நினைவாற்றல், நடத்தை மீது அதன் தாக்கம் என்ன?

கஞ்சாச் செடியில் உள்ள டி.எச்.சி. என்னும் வேதிப்பொருளைக் குறைந்த அளவில் தொடர்ந்து செலுத்தியபோது, வயது முதிர்ந்த எலிகளின் நினைவாற்றல் மேம்பட்டது. அதே பொருள், அதே அளவில், இளம் எலிகளின் நினைவாற்றலைக் குறைத்தது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகமும் இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய இந்த ஆய்வு 2017-ஆம் ஆண்டு 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது.

முடிவின் முதல் பாதியை மட்டும் படிப்போருக்குக் கஞ்சா மறதிக்கு மருந்து என்று தோன்றக்கூடும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோயுடன் வாழ்கின்றனர் என 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லாத நிலையில், பெற்றோருக்கு ஏதேனும் தீர்வு கிடைக்காதா என்று தேடும் குடும்பங்கள் ஏராளம். எனவே, எலிகளிடம் கண்டறியப்பட்டது என்ன, அது மனிதர்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை முழுமையாக அறிவது அவசியமாகிறது.

உடலே சுரக்கும் 'ஆனந்தம்'

கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி.யை 1964-இல் இஸ்ரேலிய வேதியியலாளர்கள் ரஃபேல் மெக்கூலம், யெஹீல் கவோனி ஆகியோர் பிரித்தெடுத்தனர். அது மூளையில் எங்கு செயல்படுகிறது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. 1988-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆலின் ஹவ்லெட்டின் குழுவினர், டி.எச்.சி. போன்ற பொருள்கள் வந்து பொருந்தும் ஏற்பி மூளையில் இருப்பதைக் கண்டறிந்தனர். பின்னர் அது சி.பி.1 எனப் பெயர் பெற்றது. பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களில் காணப்படும் சி.பி.2 ஏற்பி 1993-இல் அடையாளம் காணப்பட்டது.

ஒரு செடியின் வேதிப்பொருளுக்காக மூளை ஏற்பியை வைத்திருக்க வாய்ப்பில்லை என்பதால், உடலே சுரக்கும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர். 1992-இல் பன்றியின் மூளையிலிருந்து அத்தகைய மூலக்கூறு ஒன்றை மெக்கூலத்தின் குழுவினர் பிரித்தெடுத்தனர். 'ஆனந்தம்' என்ற சமஸ்கிருதச் சொல்லைக் கொண்டு அதற்கு 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர். 1995-இல் 2-ஏ.ஜி. என்ற இரண்டாவது மூலக்கூறும் கண்டறியப்பட்டது.

இந்த மூலக்கூறுகள், அவை பொருந்தும் ஏற்பிகள், அவற்றை உருவாக்கிச் சிதைக்கும் நொதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கன்னாபினாய்டு அமைப்பு. கஞ்சாவைப் பயன்படுத்தாதவர் உள்பட அனைவரின் மூளையிலும் இது இயங்குகிறது.

பின்னோக்கிச் செல்லும் சமிக்ஞை

நரம்பணுக்களிடையே தகவல் பொதுவாக ஒரே திசையில் செல்கிறது. முதல் நரம்பணு வேதிப்பொருளை வெளியிட, அடுத்தது அதைப் பெற்றுக்கொள்கிறது. கன்னாபினாய்டுகள் இதற்கு எதிர்த்திசையில் பயணிப்பவை என்பது 2001-இல் வெளியான ஆய்வுகளில் உறுதியானது. அளவுக்கு மேல் தூண்டப்படும் நரம்பணு, தனக்குத் தகவல் அனுப்பும் நரம்பணுவை நோக்கி இவற்றை வெளியிடுகிறது. அவை அங்குள்ள சி.பி.1 ஏற்பியில் பொருந்தியதும் தகவல் வரத்து தற்காலிகமாகக் குறைகிறது. இந்த மூலக்கூறுகள் முன்கூட்டியே சேமித்து வைக்கப்படுவதில்லை; தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் உருவாகி, சிறிது நேரத்தில் நொதிகளால் சிதைக்கப்படுகின்றன.

கஞ்சா புகைக்கும்போது நிகழ்வது வேறு. டி.எச்.சி. மூளை முழுவதும் பரவி, எல்லா இடங்களிலும் உள்ள ஏற்பிகளில் பொருந்துவதுடன், நீண்ட நேரம் அங்கேயே தங்குகிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் அடித்தள நரம்பு முடிச்சுகள், சிறுமூளை, பெருமூளைப் புறணி ஆகியவற்றில் சி.பி.1 ஏற்பிகள் செறிந்துள்ளன. அண்மைக்கால நினைவு தடுமாறுவது, நடை தள்ளாடுவது, நேர உணர்வு மாறுவது ஆகிய போதை அறிகுறிகளுக்கு இதுவே காரணம். சுவாசத்தைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. அதனாலேயே அபின் வகைப் பொருள்களைப் போலக் கஞ்சா சுவாசத்தை நிறுத்துவதில்லை.

அச்சத்தை மறக்கவும் தேவை

நடத்தையில் இந்த அமைப்பின் பங்கைத் தெளிவாகக் காட்டியது 2002-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு சோதனை. ஓர் ஒலியைத் தொடர்ந்து லேசான மின்னதிர்ச்சி அளிக்கப்பட்டதால், எலிகள் அந்த ஒலிக்கு அஞ்சக் கற்றுக்கொண்டன. பின்னர் அதிர்ச்சி இன்றி ஒலி மட்டும் எழுப்பப்பட்டபோது, சாதாரண எலிகளின் அச்சம் படிப்படியாகக் குறைந்தது. மரபணு மாற்றத்தால் சி.பி.1 ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகள், அச்சத்தை மற்றவற்றைப் போலவே கற்றுக்கொண்டாலும் அதிலிருந்து விடுபட முடியாமல் திணறின. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் குறித்த ஆய்வுகளில் இந்த அமைப்பு இடம்பெற இந்தச் சோதனை வழிவகுத்தது.

மனிதர்களிடமும் இதற்கொரு சான்று உண்டு. ஆனந்தமைடைச் சிதைக்கும் எஃப்.ஏ.ஏ.எச். நொதியின் செயல்பாடு மரபணு மாற்றத்தால் குறைந்திருந்த ஒரு பெண்ணைப் பற்றி 2019-இல் மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளியானது. அவர் வலியைப் பெரிதாக உணரவில்லை. பதற்றமும் அச்சமும் அவரிடம் மிகக் குறைவாக இருந்தன. அதேவேளையில், பேச்சின் நடுவே சொற்களை மறப்பதும், பொருள்களை வைத்த இடத்தை மறப்பதும் அவருக்கு வழக்கமாக இருந்தது.

வயதாகும்போது என்ன நிகழ்கிறது?

வயது கூடும்போது கன்னாபினாய்டு அமைப்பின் செயல்பாடு மூளையின் சில பகுதிகளில் குறைவதை விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தக் குறைவு முதுமையின் விளைவு மட்டுமா, அல்லது முதுமையை விரைவுபடுத்தும் காரணமுமா என்ற கேள்வியைப் பான் பல்கலைக்கழகத்தின் ஆந்திரியாஸ் சிம்மர், ஆந்த்ராஸ் பில்கெய்-கோர்சோ ஆகியோரின் குழு ஆராய்ந்தது.

2005-இல் அக்குழு வெளியிட்ட ஆய்வில், சி.பி.1 ஏற்பி இல்லாத எலிகள் இளம் பருவத்தில் மற்ற எலிகளுக்குக் குறையாமல் கற்றுக்கொண்டன. ஆனால் வளர்ந்த பருவத்தை எட்டியதுமே அவற்றின் கற்றல் திறன் முதிய எலிகளின் நிலைக்குச் சரிந்தது. ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் இழப்பும் காணப்பட்டது. இதிலிருந்து, இந்த அமைப்பு மூளையை முன்கூட்டிய முதுமையிலிருந்து பாதுகாக்கிறது என்ற முடிவுக்கு அக்குழு வந்தது.

2017-இல் வெளியான ஆய்வு இதன் தொடர்ச்சியே. 2, 12, 18 மாத வயதுடைய எலிகளின் தோலுக்கடியில் சிறு பம்ப் பொருத்தி, 28 நாள்கள் டி.எச்.சி. செலுத்தப்பட்டது. நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிப்பது, ஏற்கெனவே பழகிய பொருளை அடையாளம் காண்பது போன்ற சோதனைகளில், சிகிச்சை பெற்ற முதிய எலிகள், சிகிச்சை பெறாத இளம் எலிகளுக்கு நிகராகச் செயல்பட்டன. அவற்றின் ஹிப்போகாம்பஸில் நரம்பணு இணைப்புகள் அதிகரித்தன. மரபணுக்களின் செயல்பாட்டு முறையும் இளம் எலிகளை ஒத்திருந்தது. சி.பி.1 ஏற்பி இல்லாத முதிய எலிகளிடம் இந்தப் பலன் தென்படவில்லை.

சிகிச்சை பெற்ற இளம் எலிகளோ பின்தங்கின. இயல்பாக இயங்கும் அமைப்பின் மீது வெளியிலிருந்து டி.எச்.சி. சேர்ந்தால் அதன் சமநிலை குலைகிறது. வலுவிழந்த அமைப்பில் அது பழைய நிலையை ஓரளவு மீட்கிறது என்பதே இதற்கான விளக்கம்.

இளம் மூளைக்குக் கூடுதல் ஆபத்து

மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ச்சியடைகிறது; அதில் கன்னாபினாய்டு அமைப்புக்கும் பங்குண்டு. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேரைப் பல்லாண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. பதின்ம வயதில் தொடங்கி நீண்டகாலம் கஞ்சாவைச் சார்ந்திருந்தோரின் நுண்ணறிவு ஈவு, 38 வயதுக்குள் சராசரியாக 8 புள்ளிகள் குறைந்திருந்தது. இதற்குக் குடும்பச் சூழலும் காரணமாக இருக்கலாம் என இரட்டையர்களை ஒப்பிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வு சுட்டிக்காட்டியது. எனினும், பதின்ம வயதில் அதிக அளவு கஞ்சா பயன்படுத்துவது மனச்சிதைவு உள்ளிட்ட நோய்களின் அபாயத்தை உயர்த்துவதோடு தொடர்புடையது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

மருந்தாக்கும் முயற்சிகள்

இந்த அமைப்பில் தலையிட்ட மருந்துகளின் வரலாறு எச்சரிக்கை தருவதாகவே உள்ளது. சி.பி.1 ஏற்பியைத் தடுத்துப் பசியைக் குறைக்கும் ரிமோனபன்ட் என்ற மருந்து, உடல் பருமனுக்காக 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. பயன்படுத்தியோரிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அதிகரித்ததால் 2008-இல் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவும் 2009-இல் அதன் உற்பத்தி, விற்பனைக்குத் தடை விதித்தது.

எஃப்.ஏ.ஏ.எச். நொதியைத் தடுத்து ஆனந்தமைடின் அளவை உயர்த்த முயன்ற மற்றொரு மருந்தின் சோதனையின்போது, 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் தன்னார்வலர் ஒருவர் உயிரிழந்தார். மேலும் சிலர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். அம்மருந்து குறிவைத்த நொதியோடு நில்லாமல் வேறு புரதங்களையும் தாக்கியிருந்தது பின்னர் தெரியவந்தது.

டிமென்ஷியா நோயாளிகளிடம் நடந்த சோதனைகளின் முடிவுகள் கலவையானவை. நெதர்லாந்தில் 50 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு டி.எச்.சி. மாத்திரை, நடத்தைக் கோளாறுகளைக் குறைப்பதில் போலி மாத்திரையை விடச் சிறப்பாகச் செயல்படவில்லை. கனடாவில் 2019-இல் வெளியான சிறிய ஆய்வில், நாபிலோன் என்ற செயற்கைக் கன்னாபினாய்டு, அல்சைமர் நோயாளிகளின் கிளர்ச்சியையும் ஆவேசத்தையும் தணித்தது; ஆனால் மயக்க உணர்வு கூடியது. இவை நடத்தையைச் சீராக்கும் முயற்சிகளே. எலிகளிடம் கண்டதுபோல மனிதர்களின் இழந்த நினைவாற்றலைக் கன்னாபினாய்டு மீட்டதாக இதுவரை எந்தப் பெரிய மருத்துவச் சோதனையும் நிறுவவில்லை.

இந்தியாவில் சட்டமும் நடைமுறையும்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சா, சரஸ் ஆகியவற்றை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும். செடியின் பூக்கும் நுனிகளோடு சேராத இலையும் விதையும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை. இதனால் இலையிலிருந்து தயாரிக்கப்படும் பாங் மாநில விதிகளுக்கு உட்பட்டுச் சில மாநிலங்களில் விற்கப்படுகிறது. ஆயுர்வேதத்தில் 'விஜயா' எனப்படும் இது கலந்த மருந்துகளை மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். 2019-இல் வெளியான மத்திய சமூக நீதித் துறையின் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 2.8 சதவீதம் பேர், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் பாங், கஞ்சா, சரஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தனர்.

முதியோரின் குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

எலிகளுக்கு அளிக்கப்பட்டது, அளவு துல்லியமாகக் கணக்கிடப்பட்ட தூய டி.எச்.சி. ஆகும். பாங் உருண்டையிலோ இலைச்சாற்று எண்ணெயிலோ அந்த அளவை வீட்டில் கணிக்க இயலாது. முதியோருக்கு இவற்றால் தலைசுற்றல், ரத்த அழுத்தச் சரிவு, மனக்குழப்பம் ஆகியவை ஏற்படலாம். தடுமாறி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும் அபாயமும் உண்டு. போதை தராதது என்று விற்கப்படும் சி.பி.டி. எண்ணெயும், ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான குளோபஜாம் போன்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் உயர்த்தக்கூடியது. எனவே ஏற்கெனவே மருந்து உட்கொள்வோர், மருத்துவரிடம் தெரிவிக்காமல் இத்தகைய எதையும் தொடங்கக் கூடாது.

மறதி அதிகரித்தால் முதலில் அதன் காரணத்தைக் கண்டறிய வேண்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றால் வரும் மறதியைச் சிகிச்சையால் சரிசெய்ய வாய்ப்புள்ளது. உடற்பயிற்சியின்போது ரத்தத்தில் ஆனந்தமைடின் அளவு இயல்பாகவே உயர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முதியோர் அன்றாடம் நடப்பது மூளைக்கும் இதயத்துக்கும் நலம் தரும்.

மூத்த குடிமக்களுக்கான வழிகாட்டுதலை 14567 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனையை 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான உதவியை 14446 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பெறலாம்.