இணையத்தளத்தை எப்படி முடக்குகிறார்கள்? உங்கள் பதிவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஒரு தளம் உங்கள் கைத்தொலைபேசியில் திறக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்குத் திறக்கிறது. எப்படி?

தடுப்பது எப்படி?

தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். மலேசியாவில் முடக்க உத்தரவு வந்தால், இணையச் சேவை நிறுவனம் அந்த முகவரியைத் தராது. தளம் அப்படியேதான் இருக்கும். உங்களுக்கு வழிதான் கிடைக்காது.

எவை முடக்கப்பட்டன?

சூதாட்ட, ஆபாசத் தளங்கள் மட்டுமில்லை. 1எம்டிபி விவகாரத்தை எழுதிய சரவாக் ரிப்போர்ட் 2015 ஜூலையில் முடக்கப்பட்டது. 2018 மே மாதம் ஆட்சி மாறிய பிறகே தடை நீங்கியது.

வேறு வழியில் போகலாமா?

கூகல், கிளவுட்ஃபிளேர் டிஎன்எஸ்-க்கு மாறிப் பார்ப்பவர்கள் உண்டு. 2024 செப்டம்பரில் அந்த வழியையும் தொடர்பு, பல்லூடக ஆணையம் மூடப் பார்த்தது. தீங்கான தளங்களிலிருந்து மக்களைக் காக்கவே என்றது. எதிர்ப்பு கிளம்பியதால், அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார்.

சமூக ஊடகத்தில்?

இங்கே தளத்தைவிட, பதிவு போடுபவருக்குத்தான் சிக்கல். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 233ஆவது பிரிவு, பிறரைக் கடுமையாகப் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்குகிறது. 2025இல் அதற்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆனது. இன, சமய வெறுப்பைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனா எது வரம்பு மீறல் என்று தெளிவாகத் தெரியாதபோது, நியாயமான கேள்வியைக்கூட "எதுக்கு வம்பு"ன்னு நீங்களே அழித்துவிடலாம். முடக்கிய தளங்களுக்குக் கணக்கு உண்டு; அப்படி அழித்த பதிவுகளுக்குக் கிடையாது.