கட்டியை மட்டும் எடுத்தா போதாதா?

ராயப்பன்பட்டி திராட்சை விவசாயி ஒருத்தர். வயித்து வலிக்கு எடுத்த ஸ்கேன்ல, இடது கிட்னியில 3 செ.மீ. கட்டி. சுகர் வேற இருக்கு. "கிட்னியையே எடுத்துருவாங்களா சார்?"னு கேட்டார். இந்தக் கேள்விக்கு 150 வருஷ வரலாறு இருக்குங்க.

1869ல ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில், குஸ்டாவ் சைமன் நாய்களிடம் சோதித்துவிட்டு ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றினார். அவர் பிழைத்தார். ஒத்தை கிட்னியோட மனுஷன் வாழலாம்னு தெரிஞ்சது. அதே ஊர்ல 1887லயே வின்சென்ஸ் செர்னி கட்டி இருந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துட்டார்!

அப்புறம் ஏன் அது பரவல? ரத்தம். நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல ரெண்டு கிட்னிக்கும் பாயுது. கத்தி வெச்சா கொட்டும். 1963ல ராப்சன், சுத்தியிருக்கற கொழுப்பு, அட்ரீனல் சுரப்பியோட முழுசா எடுக்கற முறையை நிலைநாட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்னைக்கு சிறுநீர்ல ரத்தம் வந்த பிறகுதான் பலருக்குக் கட்டியே தெரியும், அதுக்குள்ள பெருசாகியிருக்கும்.

ஸ்கேன் வந்ததும் சின்னக் கட்டிகள் கண்ணுல பட்டது. 1990ல கிளேமன் குழு லேப்ராஸ்கோப்பியில முழு கிட்னியை எடுத்தது. சில வருஷத்துலயே கட்டியை மட்டும் எடுப்பதும் துளை வழியா சாத்தியமாச்சு. ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிச்சு, சுமார் 25 நிமிஷத்துக்குள்ள வெட்டி, தைச்சு, விட்டுடணும். தாமதமானா மிச்ச கிட்னி பாதிக்கும். இன்னைக்கு 4 செ.மீ.க்குள்ளன்னா, இடம் தோதா இருந்தா, இதுதான் முதல் தேர்வு. சுகர்காரங்களுக்கு மிஞ்சற ஒவ்வொரு துண்டும் நாளைக்கு டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம்.

"கவாத்து பண்ற மாதிரியா சார்?"ன்னார். ஆமாண்ணேன்னு சொல்லி, சிறுநீரகவியல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டு எழுதினேன்.