சும்மா நிக்கிற பம்பு

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்திய எழுத்து வடிவம்.)

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கேள்வி. உங்க போன் இந்த நிமிஷம் தண்ணிக்குள்ள விழுந்தா, எதுக்காக முதல்ல அழுவீங்க? போனுக்காகவா, உள்ளே இருக்கிற ஏதோ ஒண்ணுக்காகவா?

அந்த 'ஏதோ ஒண்ணை'க் காப்பாற்றும் மென்பொருளை விற்றே வளர்ந்த இரண்டு இந்திய நிறுவனங்களின் வரலாறுதான் இன்றைய எபிசோட். ஒன்று சென்னையில் பிறந்தது, இன்னொன்று புனேயில். ஆனால் கதையை நெய்வேலியிலிருந்து ஆரம்பிக்கப் போறேன். ஊர்ப்பாசம்னு நினைக்காதீங்க. காரணம் இருக்கு.

சுரங்கத்துக்கு அடியில் தண்ணீர்

நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப். அப்பாவுக்கு என்.எல்.சி.யில் நிலத்தடி நீர் பிரிவில் ஷிப்ட் வேலை. வெளியூர்க்காரங்க நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது: எங்க ஊர் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில், பெரிய அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கு. மேல் மண்ணை வெட்டி எடுக்க எடுக்க, அந்தத் தண்ணீரை அமுக்கி வைத்திருக்கும் பாரம் குறைந்துகொண்டே வரும். பம்பு வைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது. இன்றைக்கும் பம்புகள் ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கு.

அப்பா அடிக்கடி சொல்வார்: "ஓடுற பம்பைப் பத்தி கவலையே இல்லடா. அது நின்னா சத்தம் நின்னுடும், உடனே தெரிஞ்சிடும். பக்கத்துல சும்மா நிக்குது பாரு ஸ்டாண்ட்பை, அதைத்தான் அப்பப்ப ஓட்டிப் பாக்கணும். தேவைப்படும்போது ஓடலைன்னா அது பம்பு இல்ல, வெறும் இரும்பு."

அப்போ இது காதில் ஏறலை. ஏறியிருந்தா இந்த எபிசோடே தேவைப்பட்டிருக்காது.

தானே புயலும் தாத்தா குரலும்

சுரங்கத்துக்காக நிலம் கொடுத்து ஊரைவிட்டுக் கிளம்பிய குடும்பங்களில் எங்க தாத்தா குடும்பமும் ஒன்று. நேரு வந்த அன்னைக்குக் கூட்டத்தில் நின்று பார்த்தவர். 2010ல், எனக்கு 13 வயசு, அவர் சொன்ன கதைகளை எல்லாம் அப்பாவோட போனில் பதிவு செய்தேன். பழைய ஊர் எங்கே இருந்தது, யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு, கிணறு எது, எந்த மாமரம் யாருடையது. மொத்தம் ஆறு பதிவு, ரெண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த இடம் இப்போ சுரங்கத்துக்குள்ளே போயிடுச்சு. அந்தத் தெருவின் வரைபடம் தாத்தா வாயில் மட்டும்தான் இருந்தது.

ஆறையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கெட்டிக்காரத்தனமா ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கிலும் காப்பி போட்டேன். அந்த டிஸ்கை எங்கே வைத்தேன் தெரியுமா? அதே கம்ப்யூட்டர் மேஜையில், சிபியு மேலேயே.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரையைக் கடந்தது. டவுன்ஷிப் ரோடு முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. எங்க குவார்ட்டர்ஸ் ஜன்னல் பிய்த்துக்கொண்டு போய், அந்த மேஜை மேல் ராத்திரி முழுக்க மழை அடிச்சிருக்கு. ஊருக்கெல்லாம் கரண்ட் தர்ற ஊரில், எங்க வீட்டில் பல நாள் கரண்ட் இல்ல. கரண்ட் வந்தப்போ கம்ப்யூட்டர் வரலை, டிஸ்கும் வரலை. ரிப்பேர் கடையில் "ஒண்ணும் எடுக்க முடியாது தம்பி"னு சொல்லிட்டாங்க. திரும்பப் பதிவு பண்ணலாம்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தேன். 2013ல் தாத்தா இறந்துட்டார்.

இரண்டு காப்பி இருந்தது, ஆனா இரண்டும் ஒரே மேஜையில். இரண்டாவது காப்பி எங்கே இருக்கணும் என்பதுதான் இந்தத் தொழிலின் மொத்த வரலாறும். இப்போ அதுக்குள்ளே போவோம்.

டேப்பிலிருந்து பக்கத்து கம்ப்யூட்டருக்கு

1952ல் ஐபிஎம் தன் முதல் காந்த நாடா இயந்திரமான 726ஐ வெளியிட்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பெரிய நிறுவனங்களில் பேக்கப் என்றால் டேப்தான். ராத்திரி டேப்பில் எழுதுவார்கள், பிறகு வேறு கட்டடத்துக்கு எடுத்துப்போய் பூட்டி வைப்பார்கள். வங்கிக்கு இது சரி. பத்து கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் டேப் இயந்திரமும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வைக்க முடியுமா?

இந்த இடத்தில்தான் சென்னை வருது. ஸ்ரீதர் வேம்புவை உங்களுக்குத் தெரியும். இன்றைய ஜோஹோ 1996ல் தொடங்கியபோது அதன் பெயர் அட்வென்ட்நெட். அந்தத் தொடக்கக் காலத்தில் உடன் இருந்த அவருடைய தம்பி சேகர் வேம்பு, 2002ல் தனியாக ஒரு நிறுவனம் ஆரம்பித்தார்: வேம்பு டெக்னாலஜிஸ். அதன் முதல் பெயர் பெற்ற மென்பொருள் ஸ்டோர்கிரிட்.

ஸ்டோர்கிரிட்டின் ஐடியா ரொம்ப எளிமையானது. ஆபீஸில் இருக்கும் எல்லா கம்ப்யூட்டரிலும் ஹார்டு டிஸ்கில் பாதி காலியாத்தான் கிடக்கு. என் கோப்பின் காப்பி உன் டிஸ்கில், உன்னுடையது என் டிஸ்கில். டேப் வேண்டாம், தனி ஆள் வேண்டாம்.

ஆனா ஆபீஸே தீப்பிடிச்சா? எங்க வீட்டு மேஜைக் கதைதான். அதனால் ஸ்டோர்கிரிட்டின் அடுத்த கட்டம், சிறு நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் சேவை நிறுவனங்களுக்கு மென்பொருளை விற்பது. அந்தச் சேவைக்காரர் வேறு இடத்தில் ஒரு சர்வர் வைத்து, கிளினிக், கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று எல்லாருடைய காப்பியையும் இணையம் வழியாக வாங்கி வைப்பார். மென்பொருளுக்கு அவர் பெயரையே போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் சென்னையில் எழுதிய கோடு, வெளிநாட்டில் யாரோ ஒரு பல் டாக்டரின் தகவலைக் காப்பாற்றியிருந்தாலும் அவருக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது.

இதில் ஒரு பெரிய சிக்கல், இணைய வேகம். 2004ல் இந்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, 256 கேபிபிஎஸ் இருந்தாலே அதைப் பிராட்பேண்ட் என்றது. அந்த வேகத்தில் 100 ஜிபி அனுப்பக் கணக்கு போட்டுப் பாருங்க: 36 நாள்! அதனால் முதல் காப்பியை ஹார்டு டிஸ்கில் போட்டு வண்டியில் அனுப்புவதும், அதற்குப் பிறகு தினமும் மாறிய பகுதியை மட்டும் இணையத்தில் அனுப்புவதும் வழக்கமானது. ஒரு நாளில் மாறியது 1 ஜிபி என்றால் ஒன்பது மணி நேரத்துக்குள் போய்விடும். ராத்திரிக்குள் முடிஞ்சிடும்.

புனேயின் துருவ நட்சத்திரம்

2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 வந்தது. காப்பி வைக்கச் சொந்தமாக சர்வர் தேவையில்லை, வாடகைக்கே இடம் கிடைக்கும். 2008ல் புனேயில் ஜஸ்பிரீத் சிங், மிலிந்த் போராட்டே, ரமணி கோதண்டராமன் மூவரும் துருவாவைத் தொடங்கினார்கள். வெரிட்டாஸில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்கள். வெரிட்டாஸ் என்றால் பெரிய நிறுவனங்களின் பேக்கப் உலகில் மூத்த பெயர். துருவா என்ற பெயர் துருவ நட்சத்திரத்திலிருந்து வந்தது.

முதலில் அவர்கள் குறிவைத்தது நிதி நிறுவனங்களை. பிறகு பாதையை மாற்றினார்கள். ஊழியர்களின் லேப்டாப்கள் ஆபீஸ் சர்வரைப் போல ஓரிடத்தில் நிற்பதில்லை. ஏர்போர்ட், காபி ஷாப், வீடு என்று சுத்திக்கிட்டே இருக்கும். அதற்காக வந்தது இன்சிங்க்.

அதன் மையத்தில் இருந்தது ஒரே தகவலைத் திரும்பத் திரும்பச் சேமிக்காத உத்தி. எச்.ஆர். 10 எம்பி பிரசன்டேஷன் ஒன்றை 500 பேருக்கு அனுப்புறாங்கன்னு வைங்க. 500 லேப்டாப்பையும் அப்படியே காப்பி எடுத்தால் 5 ஜிபி. கோப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எடுத்து, "இந்தக் கைரேகை ஏற்கெனவே உன்கிட்ட இருக்கா?" என்று லேப்டாப் முதலில் கேட்கும். இருந்தால் அனுப்பாது. 500 பேருக்கும் சேர்த்து ஒரு 10 எம்பி போதும். வேகம் குறைந்த இணைப்பிலும் பேக்கப் சாத்தியமானது இதனால்தான்.

2010ல் செக்கோயா முதலீடு செய்தது. தலைமையகம் கலிபோர்னியாவுக்குப் போனது. 2019ல் 13 கோடி டாலர் திரட்டி யூனிகார்ன் ஆனார்கள். 2021ல் மதிப்பு 200 கோடி டாலரைத் தாண்டியது. சென்னை நிறுவனமும் நிற்கவில்லை. விர்ச்சுவல் மெஷின்களுக்கான பேக்கப்புக்கு நகர்ந்து, ஸ்டோர்கிரிட் காலம் முடிந்து, இன்று பிடிஆர்சூட் என்ற பெயரில் விற்கிறது.

2017: பரீட்சை வந்த வருஷம்

இந்தத் தொழிலின் அருமை உலகத்துக்குப் புரிந்தது 2017ல்.

ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டெலிட் கட்டளை கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி டேட்டாபேஸ் காலி. பரவாயில்லை, பேக்கப் இருக்கேன்னு பார்த்தால், அவர்களிடம் இருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. பேக்கப் தோல்வி என்று போன மின்னஞ்சல்களும் யாருக்கும் வந்து சேரவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு காப்பிதான் காப்பாற்றியது. மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

ஜூன் மாதம் நாட்பெட்யா வைரஸ். கப்பல் நிறுவனமான மெர்ஸ்கில், 'யார் யாரெல்லாம் உள்ளே வரலாம்' என்ற பட்டியலை வைத்திருக்கும் சுமார் 150 சர்வர்களும் ஒன்றுக்கொன்று காப்பி. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று நம்பினார்கள். வைரஸ் எல்லாவற்றையும் சேர்த்தே அழித்தது. தப்பியது கானாவில் ஒரே ஒரு சர்வர். எப்படின்னு கேளுங்க: அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட்! அங்கிருந்து இணையம் வழியாக அனுப்ப வேகம் போதவில்லை. ஹார்டு டிஸ்கை விமானத்தில் நைஜீரியாவுக்கு எடுத்துப்போய், அங்கே கை மாற்றி, லண்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த வருஷத்துக்குப் பிறகு பேக்கப் நிறுவனங்கள் விற்பதே கொஞ்சம் மாறியது. காப்பி வேறு ஊரில் இருந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட காலத்துக்கு யாராலும், அட்மினாலும்கூட, அதை அழிக்க முடியாதபடி பூட்டியிருக்கணும். எடுத்த காப்பியைத் தானாகவே ஒருமுறை ஓட்டிப் பார்த்து, "எழுந்திருச்சு" என்று நிரூபிக்கணும். எங்க அப்பா பம்பைப் பத்தி சொன்னதைத்தான் இவங்க பல கோடி டாலருக்கு விற்கிறாங்க.

நாலு நிமிஷம்

எனக்கும் ஒரு கானா சர்வர் இருந்தது. 2010ல் அந்த ஆறு பதிவில் ஒன்றை, திருச்சியில் இருக்கும் அத்தை பையனுக்கு ப்ளூடூத்தில் அனுப்பியிருந்தேன். எனக்கு ஞாபகமே இல்லை. போன வருஷம் அவன் ஒரு பழைய மெமரி கார்டைக் கண்டுபிடித்தான். "டேய், இதுல தாத்தா பேசுறாரு"ன்னு போன் பண்ணினான்.

நாலு நிமிஷம். 400 கேபிகூட இல்லாத ஒரு ஏஎம்ஆர் கோப்பு. நேருவைப் பார்த்த கதை. நடுவில் பாட்டி காபி கேக்குறாங்க. தெருவும் கிணறும் மாமரமும் மற்ற ஐந்து பதிவுகளில் இருந்தன. அவை வராது.

இப்போ அந்த நாலு நிமிஷம் மூன்று இடத்தில் இருக்கு: என் லேப்டாப், திருச்சியில் ஒரு டிஸ்க், கிளவுடு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பில் இருப்பதைத் தொடாமல், கிளவுடிலிருந்து இறக்கி முழுசாகக் கேட்பேன். அப்பா ரிட்டயர் ஆகி வீட்டில்தான் இருக்கார். அன்னைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துக்குவார். பதிவு முடிஞ்சதும் தலையாட்டிட்டு, "ஓடுது"ம்பார்.

நீங்களும் இந்த வாரம் ஒரே ஒரு கோப்பை உங்க பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்க. வந்துச்சா, வரலையான்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.