கிரகணத்தால் எடைபோட்ட விண்மீன்கள்

1934 டிசம்பரில் ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டத்தில் ஒரு நோவா வெடித்து வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. 1954இல், மங்கிப்போயிருந்த அதே விண்மீனை மெர்லே வாக்கர் ஒளிமானியால் அளந்தார். 4 மணி 39 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஒளி குறைந்து மீண்டது. அங்கே இருந்தவை ஒன்றையொன்று சுற்றும்போது மறைக்கும் இரண்டு விண்மீன்கள். பழைய நோவாக்கள் பலவும் இப்படிப்பட்ட இரட்டைகளே என 1960களில் ராபர்ட் கிராஃப்ட் காட்டினார்.

இரண்டில் ஒன்று வெண்குறுமீன்: நிறை சூரியனுக்குச் சற்றுக் குறைவு, உருவம் பூமியளவு. மற்றது சிவந்த சிறு விண்மீன். அதிலிருந்து வழியும் வாயு வெண்குறுமீனைச் சுற்றித் தட்டாகப் பரவுகிறது. அந்த வாயுத் தாரை வந்து தட்டின் விளிம்பில் மோதும் இடம் தனியே ஒளிர்கிறது. யூ ஜெமினோரம் என்ற இரட்டையில் மறைவது வெண்குறுமீன்தான் என்றே முதலில் எண்ணினார்கள். மறைவது இந்த ஒளிப்புள்ளி என்று 1971இல் வார்னரும் நேதரும் ஒருபுறம், ஸ்மாக் மறுபுறம் விளக்கினார்கள். கணக்கைக் குழப்பிய அந்தப் புள்ளியே பின்னாளில் அளவுகோலாயிற்று.

நிறையை அளக்க, வெண்குறுமீன் எவ்வளவு நேரம் மறைந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. சுற்றுப்பாதையின் சாய்வும் இரு விண்மீன்களின் நிறை விகிதமும் அதில் பின்னிக் கிடக்கின்றன. தாரை விழும் பாதையோ நிறை விகிதத்தைப் பொறுத்தது. அதை 1975இல் லூபோவும் ஷூவும் கணக்கிட்டிருந்தார்கள். ஒளிப்புள்ளி அந்தப் பாதையில்தான் இருந்தாக வேண்டும். ஆகவே அது மறையும் கணமும் வெளிப்படும் கணமும் கிடைத்தால் முடிச்சு அவிழும். வெண்குறுமீனின் ஒரு விளிம்பு மறையத் தொடங்கி மறு விளிம்பும் மறைய அரை நிமிடம் போல ஆகும். அதிலிருந்து ஆரம் தெரியும். நிறை கூடக் கூட வெண்குறுமீன் சுருங்கும் என்ற உறவை 1930களில் ஆராய்ந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். அதோடு கெப்ளர் விதியையும் சேர்த்தால் நிறை வந்துவிடும்.

அரை நிமிட நிகழ்ச்சிக்கு, நீண்ட நேரம் ஒளி வாங்கும் புகைப்படத் தகடு உதவாது. வேகமான பதிவு இங்கு முக்கியம். 1980களில் இசட் கமேலியோண்டிஸ், ஓஒய் கரீனே போன்ற இரட்டைகள் இம்முறையில் அளக்கப்பட்டன. 2002இல் டில்லனும் மார்ஷும் உருவாக்கிய அல்ட்ராகேம் என்ற படக்கருவி, லா பால்மா தீவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் ஒரே சமயத்தில் மூன்று நிறங்களில் படமெடுக்கத் தொடங்கியது. அதைக் கொண்டு லிட்டில்ஃபேர் குழு 2006இல் ஒரு துணை விண்மீனின் நிறையை 0.052 சூரிய நிறை என்று கண்டது. இது விண்மீனாக எரியவே போதாத நிறை. பழுப்புக் குறுமீன் வகை.

பல இரட்டைகளை அளந்த பின் எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. தனித்த வெண்குறுமீன்களின் சராசரி நிறை சூரியனைப்போல் சுமார் 0.6 மடங்கு, வாயு உண்ணும் இவற்றின் சராசரியோ 0.8 மடங்கு. இதன் காரணம் இன்னும் முடிவாகவில்லை.