மேட்டு வீட்டுக்காரருக்கு ஒரு பழைய சட்டம்



எங்கள் குடியிருப்பில் மழைநீர் வடிகாலைத் தூர்வாரப் பணம் பிரிப்பதில் தகராறு. "என் வீடு மேட்டில இருக்குதுங்க, நான் எதுக்குக் கொடுக்கணும்?" என்கிறார் ஒருவர். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் 1858-க்குத்தான் போவேன்!

அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் வந்த சட்டப்படி, ஊர் வழக்கமான குடிமராமத்து வேலைக்குக் காரணமில்லாமல் வராதவர், தன் உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு கட்டவேண்டும்.

நம் கோவையில் நொய்யல் தண்ணீர் கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும். நடுவில் அடைத்தால் மேலே வெள்ளம், கீழே வறட்சி. மேட்டு வீட்டு மொட்டைமாடித் தண்ணீரும் எங்கள் வடிகாலில்தானே இறங்குகிறது?

ஞாயிறு சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். இரு மடங்கு சமாச்சாரம் மட்டும் கடைசியில்.